பீப் அடித்த பிறகு

மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தபோதே டெமோக்காரியின் காதில் அந்தச் சத்தம் விழுந்துவிட்டது. பீப், பீப், பீப். மைக்ரோவேவ் ஓவன் தன் வேலையை முடித்துவிட்டு, வந்து எடுத்துக்கொள் என்று கூப்பிடுகிற சத்தம். வேறு யாராக இருந்தாலும் அதில் ஒரு குறையும் கண்டிருக்கமாட்டார்கள். அவளுக்குத்தான் உறுத்தியது. டெமோ முடிகிற வரைக்கும் புது ஓவனைப் பிளக்கில் செருகக்கூடாது, செருகினால் வாரண்டி போய்விடும் என்று கடையிலேயே கஸ்டமரை மிரட்டித்தான் அனுப்புவார்கள். பெட்டியைக்கூடப் பிரிக்காமல், டாக்டருக்குக் காத்திருப்பதுபோல் இவளுக்காகக் காத்திருப்பார்கள். இன்னும் டெமோ நடக்காத வீட்டிலிருந்து பீப் எப்படி வரும்?

பக்கத்து வீடாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். மேலே ஏறிப் பார்த்தால் அந்த மாடியில் பக்கத்து வீடே கிடையாது. ஒரே ஒரு கதவுதான்.

மத்தியானம்தான். ஆனால் மழைக்கு முந்தின மேகம் வானத்தை மூடிக்கொண்டு, விளக்குப் போடாத அந்தப் படிக்கட்டுக்குள் பொழுது சாய்ந்த மாதிரி இருட்டைக் கொண்டுவந்து நிரப்பியிருந்தது. சுவரில் ஈரம் பூத்த வாசனை, யாரோ தரை துடைத்துவிட்டுக் கொட்டாமல் வைத்த வாளித் தண்ணீரின் வாசனை, அதற்கெல்லாம் அடியில் இன்னொன்று. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கிற அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் வருமே, அந்தக் களிம்பு வாசனை. கீழே தெருவில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்தது. அந்தச் சத்தம் பாதிப் படி வரைக்கும் ஏறி வந்து, அதற்கு மேல் வர மனமில்லாததுபோல் நின்றுவிட்டது.

இவள் வேலை இதுதான். ஓவன் வாங்கினவர்கள் வீட்டுக்குப் போய், பிளக்கில் செருகி, ஒரு கிளாஸ் தண்ணீரைச் சுடவைத்துக் காட்டி, பட்டன்களைச் சொல்லிக்கொடுத்து, கஸ்டமர் போனுக்கு வருகிற ஓடிபி எண்ணை வாங்கித் தன் போனில் போட்டால், டெமோ முழுசாக நடந்தது என்று கம்பெனிக்குக் கணக்கு. அவர்கள் ஐந்து ஸ்டார் கொடுத்தால் இன்னும் விசேஷம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவள் அந்த வாயால்தான் பிழைத்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வீட்டை முடித்துவிட்டால், அக்கா வீட்டில் தூங்கவைத்துவிட்டு வந்த பாப்பா எழுந்திருப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். எழுந்தவுடன் அம்மா முகத்தைத் தேடுகிற வயது அதற்கு. இவளும் அப்படித்தான். எங்கே சுற்றினாலும், எத்தனை பேரிடம் பல்லைக் காட்டினாலும், அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தால்தான் அவளுக்கு அந்த நாள் முடிந்ததாக அர்த்தம்.

மணி அடிக்கக் கை தூக்கினாள். கதவு திறந்துதான் இருந்தது.

"வாம்மா, வா. உள்ளே வா. உனக்காகத்தான் தண்ணி பிடிச்சு வெச்சிருக்கேன்."

குரல் சமையலறையிலிருந்து வந்தது. நல்ல குரல். அலுத்துக்கொள்ளாத, கஸ்டமர்களில் அபூர்வமாகக் கிடைக்கிற குரல். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கூடத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. மூடி போட்ட ஒரு தையல் மெஷின், ஒரு ஸ்டூல், சுவரில் ஆணியில் தொங்கிய கத்தரிக்கோல். அதைத் தாண்டி நீளவாக்கில் சமையலறை. அங்கே ஒரு அம்மா அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தலையில் ஈரத்துண்டைச் சுற்றி, அதன் முனையை முன்பக்கம் முகத்தின் மேல் விட்டிருந்தாள்.

"தலைக்குக் குளிச்சேன். என் முகத்தைப் பாக்காதே. கண்றாவியா இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள் அந்த அம்மா.

"அட போங்கம்மா, குளிச்சு வந்தா எல்லாரும் அழகுதான்" என்றாள் டெமோக்காரி. தொழிலுக்கான சர்க்கரைப் பேச்சு. "பெட்டியைப் பிரிச்சிட்டீங்களா? நான் வந்துதான் பிரிக்கணும்னு கடையில சொல்லலையா?"

"பிரிச்சு நாளாச்சும்மா."

ஓவன் மேடையில் இல்லை. மேடைக்கு மேலே ஒரு பலகை அடித்து, அதன்மேல் இருந்தது. நேராக நின்றால் அதன் கதவு சரியாக ஆள் முகத்துக்கு நேரே வந்தது. துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருந்தாலும் அது புதுசில்லை. அந்த மாடலைக் கடையில் நிறுத்தியே பல மாதம். இந்த மாடலுக்கு இன்றைக்கு எப்படி டெமோ கால் வந்தது என்று ஒரு கேள்வி எழுந்தது. எழுந்த வேகத்தில் அதை உட்காரவைத்தாள். கால் வந்தால் போ, காரணம் கேட்காதே. இவளை வீடு வீடாக அனுப்புகிற ஏரியா சார் சொல்லிக்கொடுத்த வேதம் அது. ஏற்கெனவே அவர் முறைத்துக்கொண்டிருக்கிறார். இன்னொரு கம்ப்ளெயிண்ட் வந்தால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"சரிம்மா, ஆரம்பிச்சிடலாமா? இதுல பாத்தீங்கன்னா நெருப்பு கெடையாது..."

"பொகை கெடையாது" என்றாள் அந்த அம்மா.

"ஆங், கரெக்ட். கை சுடாது, கரி பிடிக்காது..."

"சின்னக் கொழந்தைகூட செய்யலாம். பயப்பட ஒண்ணுமே இல்ல மேடம்."

அதே வார்த்தைகள். அதே இழுப்பு. 'மேடம்' என்பதில் கடைசியில் ஒரு சின்ன ஏற்றம் கொடுப்பாள் டெமோக்காரி, அந்த ஏற்றம்கூட அப்படியே இருந்தது. அவள் உதடு அசைய, சத்தம் அந்தப் பக்கமிருந்து வந்தது.

"உங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம்..."

"யாரோ ஒருத்தி சொல்லிக் குடுத்தா. நல்லாத்தான் பேசினா. தேன் ஒழுகும்." துண்டின் முனையிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. விழுந்த இடத்தில் மெலிதாக ஆவி எழுந்த மாதிரி இருந்தது. தரை அத்தனை குளிர்ச்சியாக இருக்கும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பயப்படுகிறவள் நல்லதாக நினைத்துக்கொள்ள எவ்வளவு பாடுபடுகிறாள், பாருங்கள்.

மேடையில் ஒரு கண்ணாடி கிளாஸ் இருந்தது. கீறலே இல்லாத வழவழப்பான கிளாஸ். முக்கால் வரை தண்ணீர். டெமோக்காரி அதை எடுத்து உள்ளே வைக்கிற சாக்கில், பையிலிருந்து ஐஸ்கிரீமில் வருகிற மாதிரி ஒரு மரக்குச்சியை உருவி, உள்ளங்கையில் மறைத்து, தண்ணீருக்குள் நழுவவிட்டாள். மந்திரவாதி தோற்றான். எத்தனையோ வீட்டில் செய்து பழகின கை.

அந்தக் குச்சிக்கு ஒரு கதை உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில் டிரெயினிங் சார் சொன்னார்: அடுப்புத் தண்ணீர் நாணயமானது, கொதித்தால் சத்தம் போடும், குமிழி விடும், மூடியைத் தட்டும். ஓவன் தண்ணீர் அப்படியில்லை. வழவழப்பான கிளாஸில் வேறெதுவும் போடாமல் வைத்தால், அதுவும் ஒருதரம் கொதித்து ஆறினதையே மறுபடி மறுபடி வைத்தால், கொதிக்க வேண்டிய சூட்டைத் தாண்டின பிறகும் ஒரு குமிழி விடாமல் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். எடுக்கக் கை வைத்தால் அந்தச் சின்ன அசைவு போதும். மொத்தமும் ஒரே பாய்ச்சலில் முகத்துக்கு வரும். சொன்னதோடு விடாமல், தடுப்புக்குப் பின்னால் நின்று நீளக் கம்பியால் ஒரு கிளாஸைத் தொட்டும் காட்டினார். தண்ணீர் கூரையில் போய் அடித்தது. பெண்கள் எல்லாரும் வீலென்று கத்தினார்கள். அதனால் குச்சி போடு, பீப் அடித்ததும் பாயாதே, கொஞ்ச நேரம் விடு, கதவைத் திறக்கும்போது ஒதுங்கி நில், முகத்தை நீட்டாதே. கஸ்டமருக்கும் இதையே சொல்லு.

கடைக்கு வந்ததும் ஏரியா சார் வேறு பாடம் எடுத்தார். "இதையெல்லாம் சொன்னா பொட்டியை அன்னிக்கே திருப்பி அனுப்பிடுவாங்க. நீ பத்திரமா பண்ணிக்க. வாயை மூடிக்க." அவள் பத்திரமாகப் பண்ணிக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டாள்.

"என்னமோ போட்டியே?" என்றாள் அந்த அம்மா. திரும்பவில்லை.

"ஒண்ணும் இல்லியேம்மா."

பொய் தானாக வந்தது. மூச்சு வருவதுபோல. ஓவன் ஓடத் தொடங்கியது. உள்ளே மஞ்சள் விளக்கு, சுற்றுகிற தட்டு, அதன்மேல் சுற்றுகிற கிளாஸ். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கம்பி வழியாகச் சாரல் தெறித்தும் சமையலறையில் புழுக்கம் ஏறிக்கொண்டே போனது. குளியலறையில் வெந்நீர் பிடித்துக் கதவைச் சாத்திவிட்டதுபோல், சுவர் ஓடுகளில் வேர்வை பூத்தது.

பீப், பீப், பீப்.

டெமோக்காரி கதவைத் திறக்கவில்லை. பட்டன்களைப் பற்றி வளவளவென்று பேசினாள். கொஞ்ச நேரத்தைத் தள்ளத்தான் அந்தப் பேச்சு. பிறகு பக்கவாட்டில் ஒதுங்கி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டிக் கதவைத் திறந்தாள்.

"ஏம்மா முகத்தைத் திருப்பிக்கிற?"

"அது... பழக்கம்மா."

"நல்ல பழக்கம்." அந்த அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அன்னிக்கும் அப்படித்தான் திருப்பிக்கிட்ட. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பாவம், பொண்ணுக்குக் கழுத்து வலிபோலன்னு."

அன்றைக்கா? டெமோக்காரி சமையலறையைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஜன்னல் கம்பியில் நெளிந்திருந்த ஒரு வளைவு. குழாய்க்கடியில் விரிசல் விட்ட ஓடு. பலகை. 'இங்க ஒரு பலகை அடிச்சு வெச்சுக்கோங்க மேடம், குனிய வேண்டாம், அப்படியே நின்னபடி பாத்துக்கலாம்.' சொன்னது யார்? இவள்தான். எல்லா வீட்டிலும் சொல்கிற அதே வாய்.

"நான் முன்னாடி வந்திருக்கேனாம்மா?"

"ஆறட்டும்" என்றாள் அந்த அம்மா, கேள்வியே காதில் விழாததுபோல். "தண்ணி ஆறட்டும். மறுபடி ஒரு தடவை காட்டு. மரமண்டை எனக்கு, ஒரு தடவையில ஏறாது." துண்டைச் சரிசெய்துகொண்டு, டெமோக்காரியை ஒட்டி நடந்து கூடத்துக்குப் போனாள். போகும்போது களிம்பு வாசனையும் அவளோடு கூடப் போனது.

தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. டகடகடகடக. நின்று, மறுபடி டகடகடகடக.

எட்டிப் பார்த்தாள். மூடியை எடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, கால் மிதிக்க, கை தள்ள, அந்த அம்மா தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினில் நூல் இல்லை. ஊசிக்கடியில் துணியும் இல்லை. அவளுடைய விரல் இருந்தது. ஊசி அதில் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, ஒரே சீராக.

அப்போதுதான் டெமோக்காரிக்கு மொத்தமும் வந்தது. தையற்காரம்மா.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம். இவள் மடியில் கனம் இருந்தது. தூக்கிப் பையின் அடியில் போட்டுவிட்டு மறந்திருந்தாள், அவ்வளவுதான். சில மாதங்களுக்கு முன்னால் ஏரியா சார் போனில் கூப்பிட்டார். "ஒரு தையக்காரம்மாவுக்கு முகம் வெந்துபோச்சாம். கிளாஸ்ல தண்ணி வெச்சு எடுத்திருக்கு. பையன் கடைக்கு வந்து கத்தறான். நீதான் டெமோ. எல்லாம் சொன்னேல்ல?"

"சொன்னேன் சார். எல்லாம் சொன்னேன்."

"அது போதும். ஓடிபி வேற குடுத்திருக்கு. பையனை நான் பாத்துக்கறேன்."

அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. எந்தத் தெரு, எந்த வீடு என்றும் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பாப்பாவுக்குக் கண்மை வைத்துவிட்டு, அது சிரித்ததைப் பார்த்து இவளும் சிரித்தாள்.

போக வேண்டும். உடனே போக வேண்டும். பையை எடுத்தாள். போனை எடுத்து, சமையலறை மூலைக்கு ஒதுங்கி, ஏரியா சாரைக் கூப்பிட்டாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

"சார், இந்த டெமோவை என்னால முடிக்க முடியாது. வேற யாரையாவது..."

"எதை? அதான் முடிச்சிட்டியே" என்றார் அவர். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம், டீ கிளாஸ் சத்தம். "ஓடிபி போட்டாச்சு, கால் க்ளோஸ் ஆயாச்சு. அஞ்சு ஸ்டார். நீ அந்த வீட்டை விட்டுக் கிளம்பி அரைமணி ஆகுதுன்னு காட்டுது. என்ன மாயம் பண்ணின? சரி சரி, மழை வருது, வீடு போய்ச் சேரு."

"நான் ஓடிபி போடல சார். நான் இன்னும் இங்கதான்..."

வைத்துவிட்டார்.

கூடத்தில் மெஷின் நின்றிருந்தது. ஸ்டூலில் யாரும் இல்லை. வாசல் கதவு சாத்தியிருந்தது. ஒரே ஓட்டமாக ஓடித் தாழ்ப்பாளைப் பிடித்தாள். பிடித்த கையை அலறிக்கொண்டு எடுத்தாள். தாழ்ப்பாள் சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம்போல. துப்பட்டாவைச் சுற்றிப் பிடித்தாள். துணி கருகுகிற நாற்றம் வந்தது, தாழ்ப்பாள் நகரவில்லை. கதவை ஓங்கி ஓங்கித் தட்டினாள். அந்த மாடியில் பக்கத்து வீடு இல்லை.

பீப், பீப், பீப்.

சமையலறையிலிருந்து. அவள் போடாத ஓவன். அதே தண்ணீர்.

"வாம்மா. மறுபடி சூடு பண்ணிட்டேன். ஆறினதும் இன்னொரு தடவை பண்ணலாம்."

போகக்கூடாது என்றுதான் நினைத்தாள். கால்கள் போயின. டெமோவுக்குக் கூப்பிட்டால் போய்ப் பழகின கால்கள். அந்த அம்மா ஓவன் கதவைத் திறந்து, வெறுங்கையால் கிளாஸை வெளியே எடுத்து, அதற்குள் விரலை விட்டு, குச்சியை உருவினாள். விரல் வெந்ததாகவே தெரியவில்லை. குச்சியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இதானா?"

டெமோக்காரி தலையை ஆட்டினாள்.

"இத்தனூண்டு குச்சி." குரல் முதல்முறையாக நடுங்கியது. "நீ பண்ணினதெல்லாம் அப்படியே பண்ணினேன்டி. அதே மாதிரி கிளாஸ், அதே அளவு தண்ணி, அதே பட்டன். தச்சுக்கிட்டு இருக்கும்போது மறந்துபோய் ஆறிடும், திரும்ப வெப்பேன். பீப் அடிச்சதும் திறந்தேன். இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உனக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்? உன் வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்திருக்கும்?"

"அம்மா, மன்னிச்சிடுங்கம்மா. குச்சி போடணும். பீப் அடிச்சதும் திறக்கக்கூடாது, கொஞ்ச நேரம் விடணும். ஒதுங்கி நிக்கணும், முகத்தை நேரா காட்டக்கூடாது. ஒரு தடவை கொதிச்ச தண்ணியை மறுபடி வெக்கக்கூடாது. நான் சொல்லல. எதையுமே சொல்லல. வேலை போயிடும்னு பயந்து..." அழுகையில் வார்த்தை குழறியது.

"நல்லா சொல்ற. இப்போ நல்லா புரியுது." அந்த அம்மா குச்சியை ஒடித்து ஜன்னலுக்கு வெளியே மழையில் எறிந்தாள். "கண் கெட்டதுக்கு அப்புறம் சூரிய நமஸ்காரம்."

கிளாஸை அசைத்துவிட்டு, உள்ளே வைத்து, கதவைச் சாத்தினாள். ஓவன் தானாக ஓடியது. விளக்கு. தட்டு. சுற்றியது.

"கண்ணு போனது பெருசில்ல" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள், அளவு எடுத்துக்கொண்டே பேசுகிற தையற்காரியைப்போல. "ஊசியில நூல் கோக்க முடியாமப் போனதும் பெருசில்ல. புண்ணு உள்ளே இறங்கி, மருந்து ஒத்துக்காம, போய்ச் சேந்தேன். அதுகூடப் போகட்டும். என் பையன் உங்க கடைக்கு வந்து கேட்டான். சொன்னோம்னு சொன்னீங்க. அவன் நம்பிட்டான். வந்து என் கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு என்ன கேட்டான் தெரியுமா? 'அவங்கதான் படிச்சுப் படிச்சு சொல்லியிருக்காங்களே, நீ ஏம்மா கேக்கல? எப்பவும் உனக்கு அவசரம்'னு கேட்டான். கண்ணு ரெண்டையும் கட்டிப் படுத்திருக்கேன். என்னைத் திட்டறான். யாரும் சொல்லலடான்னு சொன்னேன். நம்பல. சாகுற வரைக்கும் நம்பல. என்னைக் கொளுத்திட்டு வரும்போதுகூட அவன் மனசுல நான் சொல்பேச்சு கேக்காத கெழவிதான்."

"எனக்கு ஒரு கொழந்தை இருக்கும்மா..."

"எனக்கும் இருந்தானே. அவன் முகத்தை நான் கடைசியா பாத்தது அன்னிக்குக் காலையில."

அந்த அம்மா திரும்பினாள். துண்டின் முனை விலகியது. முகம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. ஓயாமல். கொதிக்கிற பாத்திரத்தின் மூடியை எடுத்தால் வருவதுபோல. அதற்குள் என்ன இருந்தது என்று பார்ப்பதற்குள் டெமோக்காரி கண்களை இறுக மூடிக்கொண்டு சுவரில் முகத்தைப் புதைத்தாள்.

பீப், பீப், பீப்.

ஆறியது. மறுபடி. பீப். ஆறியது. மறுபடி. எத்தனை தடவை என்று தெரியவில்லை. மழை நின்றதா, பெய்கிறதா, தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் இன்னும் கொஞ்சம் மோசமாகிறது, அது மட்டும் தெரிந்தது. டிரெயினிங் சார் சொன்னது. மறுபடி மறுபடி வைத்தால்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் அவள் கன்னங்களைப் பிடித்தன. ஈரம். சூடு. விரல் நுனியெல்லாம் ஊசித் துளை. குழந்தைக்குக் கண்ணில் மருந்து விடும்போது அம்மாக்கள் பிடிப்பார்களே, அந்தப் பிடி. கட்டைவிரல்கள் அவள் இமைகளைத் தேடி, மெதுவாக மேலே தள்ளின. மூட முடியவில்லை. பலகைக்கு முன்னால் நிறுத்தினாள். முகத்துக்கு நேரே ஓவன் கதவு.

ஓவன் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது போன் அடித்தது. வாசலுக்கு ஓடுமுன் அதை மேடையில் போட்டிருந்தாள். அக்கா. வீடியோ கால். பாப்பா எழுந்துவிட்டது.

"எடுக்கட்டுமா?" என்றாள் அந்த அம்மா, காதோரமாக. கைகள் கன்னத்தை விட்டு நகரவேயில்லை. ஆனாலும் போன் பேசியது.

"...அம்மா எங்கடி? ஏய், போன்ல பாரு, அம்மா பாரு! இருட்டா இருக்கே, என்னடி பண்ற?" அக்கா. அப்புறம் அந்தக் குரல். தூக்கம் கலையாத, கரகரத்த, சின்னக் குரல்.

"ம்மா."

போன் இடது பக்கம் இருந்தது. திரையின் வெளிச்சம் கண்ணின் ஓரத்தில் அசைந்தது. அதில் ஒரு உருண்டை முகம். அவ்வளவுதான் தெரிந்தது. தலையைத் திருப்பப் பார்த்தாள். கைகள் திருப்பவிடவில்லை. கண்ணைத் திருப்பப் பார்த்தாள். கட்டைவிரல்கள் அழுத்தின.

"ஒரே ஒரு தடவை. ஒரே ஒரு தடவை பாத்துக்கறேன்மா. உங்க கால்ல விழறேன்."

"பாரேன். யாரு வேணாம்னா? தண்ணியை எடுத்து என் கையில குடு. குடுத்துட்டுத் திரும்பிப் பாத்துக்க."

பீப், பீப், பீப்.

"கொஞ்சம் ஆறட்டும்மா. கொஞ்ச நேரம் விட்டு..."

"கொழந்தை போனை வெச்சிடுமே."

"ம்மா? ம்மா?" குரலில் அழுகை ஏறியது. "சரி, அப்புறம் பேசலாம், அம்மா பிஸி" என்றாள் அக்கா.

"இரு! அக்கா, இரு! வெக்காதே!"

அவள் கை தானாகத்தான் போனது என்று சொல்ல முடியாது. அவள்தான் நீட்டினாள். கதவைத் திறந்தாள். ஆவிகூட வரவில்லை. மஞ்சள் விளக்கில் கிளாஸ் நின்றது. தண்ணீர் தெளிவாக, ஒரு குமிழி இல்லாமல், அசையாமல் இருந்தது.

"ம்மா!" என்று பாப்பா சிரித்தது.

விரல்கள் கிளாஸைச் சுற்றி மூடின. பின்னால் நின்றவளின் கட்டைவிரல்கள் அவள் இமைகளை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கின.